பேர் வெட்டாத பள்ளிக்கூடம்

பூரணி எழுதிய நூற்றுப் பதினாறு பக்கத்திலும் ஒரு பொய் கிடையாது. இரண்டு தரம் வாசித்தவள் என்பதால் சொல்கிறேன். கொஞ்சம் பொய் எழுதத் தெரிந்திருந்தால் அவளும் பிழைத்திருப்பாள், எங்கள் பள்ளிக்கூடமும் பிழைத்திருக்கும்.

நான் பெற்றீசியா. வட்டவளையில் பிறந்து, கல்யாணம் கட்டி நோர்வூட்டுக்கு வந்தவள். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடம் படிப்பித்தேன். முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை ஒரே நீளக் கட்டடம், வகுப்புக்கு வகுப்பு இடையில் ஒரு பலகைத் தட்டி. ஆசிரியர் மூன்றே பேர்: அதிபர் அழகுமுத்து சேர், நான், பூரணி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் இக்னேசியஸ் சொல்வார். இந்தக் கதையில் அந்த வாய்க்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையின் பேரையும் வரவு பதியும் இடாப்பிலிருந்து வெட்டுவதில்லை. தோட்டத்துச் சனத்துக்குப் பேர் வெட்டுவது என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் பேர் பதிந்தால் வேலை, வேலையோடு லயத்து வரிசை வீட்டில் குடியிருக்க ஒரு காம்பரா. பேரை வெட்டினால் இரண்டும் போயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை செய்யும் கண்டாக்கையாவின் பேனாவைப் பார்த்து நடுங்கி நடுங்கியே வயதான சனம் இது. அந்தப் பயம் பிள்ளைகளின் இடாப்பு வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடத்திலிருந்து குடும்பங்கள் கொழும்புப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தன. கோழிப் பண்ணை, மரக்கறிக் கடை, வீட்டு வேலை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நாலு மாதமோ எட்டு மாதமோ கழித்து, முடியாமல் திரும்பி வருவார்கள். வந்த மறுநாள் காலையில் பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நிற்கும். அதன் பேர் இடாப்பில் அப்படியே இருக்கும். அது இல்லாத நாட்களிலும் அழகுமுத்து சேர் அதற்கு வரவுக் கோடு போட்டுக்கொண்டுதான் வந்திருப்பார். சேர்ப்பு விண்ணப்பம், சான்றிதழ், கிராம சேவகர் கையெழுத்து என்று எதுவும் கேட்பதில்லை. பேரைக் கூப்பிடுவார், பிள்ளை பதில் சொல்லும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஐம்பது பிள்ளைக்குக் குறைந்த பள்ளிக்கூடத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் இடாப்பில் அறுபத்து மூன்று பேர். வகுப்பில் உட்கார்ந்திருப்பது நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கும் பெண்களிலிருந்து கோயில் பூசாரி வரைக்கும் இது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

பூரணி அந்த இடாப்பினால் வளர்ந்தவள். அவளுடைய அம்மா வீரம்மா கொழுந்து பறித்தவர். அப்பா மலையில் வழுக்கி விழுந்து செத்த வருடம், ஒன்பது வயதுப் பூரணியைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்பினார்கள். பதினாலு மாதம் இருந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாடு போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த மறுநாள் அம்மா பிடித்துத் தள்ளாத குறையாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து, ஒரு பெரிய பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். அப்போது அழகுமுத்து சேர் கந்தப்பளையிலிருந்து வந்த இளம் வாத்தியார். இடாப்பை விரித்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், நேற்றுக்கூட அவள் வந்திருந்த மாதிரி, "பூரணி" என்றார். இவளுக்கு வாய் வரவில்லை. தலையைத் தூக்காமலே இன்னொரு தரம் "பூரணி" என்றார்.

"இருக்கேன் சேர்."

அந்த இரண்டு வார்த்தைதான் தன்னை ஆளாக்கியது என்று அவள் அடிக்கடி சொல்வாள். அதன் பிறகு அவள் ஓ.எல். எழுதினாள், ஏ.எல். எழுதினாள். மேல்பிரிவில் ஏ.எல். எழுதிய முதல் பெண் பிள்ளை அவள்தான். ஆசிரிய உதவியாளராக நியமனம் கிடைத்தபோது, கேட்டு வாங்கிக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். வெளிவாரியாகப் பட்டமும் முடித்தாள். கல்யாணம் பேசி வந்தவர்களையெல்லாம், "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்று அம்மாவிடம் சொல்லியே அனுப்பிவிட்டாள். முப்பத்தைந்து வயதில் மறுபடி படிக்கக் கிளம்பினாள்.

கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னப் பிரிவு அது. கல்வியும் சமூகக் கொள்கையும் என்று இரண்டு வருட முதுகலை. சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு. பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஒரே அறை, பதினோரு மாணவர்கள், இரண்டு விரிவுரையாளர், ஒரு அலுமாரிக்குள் அடங்கிய நூலகம். சனிக்கிழமை விடியற்காலையில் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு இறங்கி, அங்கிருந்து கண்டி பஸ் பிடித்துப் போவாள். திங்கட்கிழமை காலையில் என் தட்டியைத் தட்டி, படித்ததையெல்லாம் ஒப்பிப்பாள்.

"அக்கா, நம்மளப் பத்தி புத்தகத்துல இருக்குங்க. படிப்ப எடையில நிப்பாட்டுற புள்ளைங்க, எடம் மாறிப் போற குடும்பம், எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க."

"நம்மளப் பத்தி நமக்கே படிச்சுக் குடுக்கறதுக்கு ரெண்டு வருஷமா? நான் ஒரு ப்ளேன்டி குடிக்கிற நேரத்துல சொல்லிருவேனே" என்று நான் கிண்டல் செய்வேன்.

"நீங்க சொன்னா யாரு கேக்குறா? எழுதி, மேல குடுத்து, அத ஒரு சட்டமா ஆக்கினாத்தான் நிக்கும்" என்பாள்.

அவளுடைய ஆசை அதுதான். அழகுமுத்து சேர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறார். அவர் போன பிறகு வருகிற அதிபர் யாரோ எவரோ, பொய்க் கோடு போடப் பயப்படுவார். வெள்ளவத்தையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் திரும்பி வரும் பிள்ளைகளின் பேர் வெட்டப்பட்டிருக்கும். ஆகவே, குடும்பம் இடம்பெயர்ந்து போனால் பிள்ளையின் பேரை இரண்டு வருடம் வரை இடாப்பில் வைத்திருக்கலாம், அந்தப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தின் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு விதி வர வேண்டும். சேர் களவாகச் செய்ததை அரசாங்கம் நேராகச் செய்ய வேண்டும். இதைத்தான் ஆய்வாக எழுதப் போகிறேன் என்றாள். விரிவுரையாளர் சுதாகரன் சேர் கேட்டுவிட்டு எழுந்து நின்றாராம். "கொள்கை என்றால் இதுதான், பூரணி" என்று சொன்னாராம்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் அழகுமுத்து சேரிடம் கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சேர், இடாப்புல இருக்கறதும் வகுப்புல இருக்கறதும் ஏன் வேற வேறயா இருக்குன்னு எழுதணும். பள்ளிக்கூடத்துப் பேரு, தோட்டத்துப் பேரு, ஒன்னும் வராது. 'பாடசாலை அ'ன்னுதான் போடுவேன்."

 சேர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பன்னிரண்டு வருடத்து இடாப்புகளையும் அலுமாரியிலிருந்து இறக்கி வைத்தார்.

"முப்பது வருஷமா நான் தனியா செமந்துக்கிட்டு இருக்கேன், புள்ள. நீ எழுது. நல்லது நடந்தா சரி."

அவள் லயம் லயமாகப் போனாள். இல்லாத இருபத்திரண்டு பிள்ளைகளின் காம்பராக் கதவையும் தட்டினாள். பூட்டியிருந்தால் பக்கத்துக் காம்பராவில் கேட்டாள். யார் எந்த மாதம் போனார்கள், எங்கே போனார்கள், திரும்பி வருவார்களா என்று எல்லாவற்றையும் எழுதினாள். பிள்ளைகளின் பேருக்குப் பதிலாக இலக்கம் போட்டாள். ஒன்பதாம் இலக்கம் நான்காம் ஆண்டு லோஜினி. அவளுடைய அப்பா குடும்பத்தோடு வத்தளையில் ஒரு கோழிப் பண்ணைக்குப் போயிருந்தார். போகும்போது லோஜினி பூரணியிடம், "என் பேர வெட்டிறாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதையும் பூரணி அறுபத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

எழுதி முடித்ததும், தமிழ் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாள். நான் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். நன்றியுரையில் விரிவுரையாளர்கள் பேர் இருந்தது, அம்மா பேர் இருந்தது, என் பேர்கூட இருந்தது. சேரைப் பற்றி "ஆவணங்களைப் பார்வையிட அனுமதித்த பாடசாலை அதிபருக்கும்" என்று மட்டும் ஒரு வரி.

"இது என்னடி? ஒன்ன ஆளாக்கின மனுசன். அவரு பேர எழுத கை வலிக்குதா?" என்றேன்.

"பேரு போட்டா எந்தப் பள்ளிக்கூடம்னு தெரிஞ்சிரும்க்கா. போடக்கூடாதுன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க."

"மொத பக்கத்த எவன் வாசிக்கப் போறான்? என் பேர போடுற, அந்த மனுசன் பேர விடுற. நாளைக்கு அவரு இந்தப் புத்தகத்தக் கையில வாங்கிப் பாத்தா என்ன நெனைப்பாரு? நன்றி கெட்டவன்னு ஊர்ல சொல்லமாட்டாங்களா?"

அவள் ஒரு கிழமை, ஏழு நாளும் யோசித்தாள். நானும் ஒரு கிழமை விடாமல் நச்சரித்தேன். எங்களில் ஒருவருக்கும், செய்த உதவிக்குப் பேர் சொல்லாமல் இருக்க வராது. கல்யாணப் பத்திரிகையிலும் சாவு நோட்டிஸிலும் ஒரு பேர் விட்டுப்போனால் பத்து வருடம் பேச்சு வார்த்தை இருக்காது. கடைசியில் அவள் மாற்றிவிட்டாள். "என் பெயரை வெட்டாதிருந்த, இன்று தன் இடாப்புகளை எனக்குத் திறந்து காட்டிய அதிபர் திரு. அழகுமுத்து அவர்களுக்கு" என்று எழுதினாள். நான் படித்துவிட்டு, இப்போதுதான் சரி என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் மற்றவர்களைக் கெடுத்தேன்.

பல்கலைக்கழகத்தின் அந்தச் சின்னப் பிரிவில் வருடக் கடைசியில் ஓர் ஆய்வு நாள் வைப்பார்கள். மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பேச வேண்டும். கல்வித் திணைக்களத்து ஆட்களையும் அழைப்பார்கள். பூரணி பேசினாள். சேலை கட்டிக்கொண்டு போனாள், லோஜினி சொன்னதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஓர் அதிகாரி வந்து பாராட்டினார். மலையகத்தில் இப்படி ஒரு வேலையை இதுவரை யாரும் செய்யவில்லை என்று சொல்லி, ஒரு பிரதி கேட்டார். அவள் தன்னுடைய பிரதியையே கொடுத்துவிட்டாள். பஸ்ஸிலிருந்தே எனக்குப் போன் அடித்தாள். "அக்கா, மேல போயிருச்சுங்க" என்றாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் முதல் பக்கத்தை வாசித்தார். பிறகு நாற்பத்தேழாம் பக்கத்து அட்டவணையைப் பார்த்தார்: இடாப்பில் அறுபத்து மூன்று, வகுப்பில் நாற்பத்தொன்று. பூரணியின் பரிந்துரை தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் இருந்தது. அதுவரைக்கும் யார் போகிறார்கள்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக மூன்றாம் கிழமை ஜீப் ஒன்று மேல்பிரிவுக்கு ஏறி வந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். அன்றைக்கு முப்பத்தொன்பது. இரண்டு பிள்ளைக்குக் காய்ச்சல். இடாப்பைக் கேட்டார்கள், அழகுமுத்து சேர் எடுத்துக் கொடுத்தார். பூரணியின் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தார்கள். அதில் இலக்கம்தானே இருக்கிறது, எந்த இலக்கம் எந்தப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பூரணியைக் கூப்பிட்டார்கள்.

"டீச்சர், வீடு வீடா போய்ப் பாத்தவங்க நீங்கதானே. இல்லாத பிள்ளைகளின்ட பேர நீங்களே சிவப்பால வெட்டி, பக்கத்துல கையெழுத்து வைங்க. பிறகு வேற யாரும் குற்றம் சொல்ல ஏலாது."

பூரணி என்னைப் பார்த்தாள். நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நீள வாய் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. அந்த அதிகாரியின் சிவப்புப் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், அப்போதும் எழுதவில்லை. அழகுமுத்து சேர் தன் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பூரணியின் பக்கம் வைத்தார்.

"வெட்டு புள்ள. நீ எழுதுனதுல தப்பு ஒன்னும் இல்ல. நான் போட்ட கோடுதான் பொய்."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் இருபத்திரண்டு பேரையும் வெட்டினாள். ஒன்பதாவதாக லோஜினியை வெட்டும்போது கோடு வளைந்து, அடுத்த பேரின் மேல் ஏறிவிட்டது. அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்று தண்ணீர்ப் பீலியடியில் நேராகவே சொன்னார்கள். வெளியார் பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீரம்மா அடுப்படியில் இருந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாராம்.

"பேர வெட்டிருவாங்கன்னு பயந்துதான்டி காய்ச்சலோட பெரட்டுக்கு ஓடினேன். ஒன் அப்பன் செத்த எட்டாம் நாளு மலைக்கு ஏறுனேன். நீ படிச்சிட்டு வந்து புள்ளைங்க பேர வெட்டியிருக்க."

அதன் பிறகு ஒரு மாதம் அம்மா அவளுக்குச் சோறு போட்டார், பேசவில்லை.

அந்த வருட முடிவோடு மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளைகளைக் கீழே ரோட்டோரத்தில் இருக்கும் பெரிய பாடசாலையோடு சேர்த்தார்கள். நாலு கிலோமீற்றர். தேயிலை மலையைக் குறுக்காக இறங்கி, பைனஸ் காட்டுக்குள்ளே போக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களையே குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் இடம் அது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? நாற்பத்தொரு பிள்ளையில் முதல் மாதம் முப்பது பேர் போனார்கள். மழை தொடங்கியதும் இருபத்திரண்டு. உண்மையை எழுதி உண்மையான பிள்ளைகளையும் இல்லாமல் ஆக்கிவிட்டோம். 

அழகுமுத்து சேரை விசாரணை முடியும் வரை வலயக் கல்வி அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்கு அங்கே ஒரு கதிரை உண்டு, வேலை ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வருடத்து இடாப்பையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். என்னை வட்டவளைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மாற்றினார்கள். பூரணியைப் பிள்ளைகளோடு சேர்த்துக் கீழே அனுப்பினார்கள்.

பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டின் சிறந்த ஆய்வு அவளுடையதுதான் என்று அறிவித்தார்கள். பட்டமளிப்புக்கு அவள் போகவில்லை. சுதாகரன் சேர் போன் எடுத்து, நல்ல மனதோடுதான், "கொள்கை மாற்றத்துக்குக் காலம் எடுக்கும், பூரணி. மனம் தளரக்கூடாது" என்று சொன்னாராம்.

"எத்தன வருஷம் எடுக்குங்க சேர்? லோஜினிக்கு ஒம்பது வயசு முடிஞ்சிருச்சு" என்று இவள் கேட்டாளாம். 

மிச்சத்தை அவள் எனக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் வைத்துச் சொன்னாள். போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பகல். நான் மருந்து எடுக்க வந்திருந்தேன். கல் வாங்கில் ஒரு பெண் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போன பிறகுதான் பூரணி என்று தெரிந்தது. அவ்வளவு இளைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எதை எதையோ பேசிவிட்டு, கடைசியில் என் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பேர நான்தான் போடச் சொன்னேன், பூரணி. என்ன நாலு வார்த்த திட்டேன்."

"நீங்க சொல்லாட்டியும் போட்டிருப்பேன்க்கா. போடாம எப்படி இருக்கறது?" என்றாள். பிறகு, "லோஜினி வந்துச்சு" என்றாள்.

கோழிப் பண்ணையில் அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்து, குடும்பத்தோடு திரும்பியிருக்கிறார்கள். வந்த மறுநாள் லோஜினி வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். மூடிவிட்டார்கள் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாள். கொழுந்துக்குப் போன யாரோ பார்த்து, வீட்டுக்குக் கூட்டிப் போய் விட்டிருக்கிறார்கள். பூரணிக்கு விஷயம் தெரிந்ததும், மறுநாள் காலையில் கையோடு கூட்டிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறாள்.

அங்கே அதிபர் விடுகைப் பத்திரம் கேட்டார். பழைய பள்ளிக்கூடத்துப் பத்திரமெல்லாம் விசாரணைச் சாக்குக்குள் இருக்கிறது, முடியும் வரைக்கும் ஒரு தாளும் வெளியில் வராது. பிறப்புச் சான்றிதழ் கேட்டார். லோஜினிக்கு அது இல்லை. அழகுமுத்து சேர் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்ட பிள்ளை அது. பூரணி விடவில்லை. சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பக்கூடாது என்று இருக்கும் சுற்றறிக்கையை இலக்கத்தோடு எடுத்துச் சொன்னாள். அதைத்தானே இரண்டு வருடம் படித்தாள்.

"சுற்றறிக்கை எனக்கும் தெரியும், டீச்சர். ஆனா ஒங்க பள்ளிக்கூடத்துல நடந்ததுக்குப் பொறகு, தாள் இல்லாம இடாப்புல ஒரு பேர் எழுத எந்த அதிபருக்குத் தைரியம் வரும்? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.  அந்தப் பயத்தை உண்டாக்கியதே அவள் எழுதிய புத்தகம்தானே.

பேர் பதியாமல் தன் வகுப்பில் சும்மா உட்காரட்டும் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். லோஜினி தினமும் நாலு கிலோமீற்றர் இறங்கி வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். முதல் நாள் இடைவேளையில், "என் பேரு எப்ப வரும் டீச்சர்?" என்று கேட்டாள். "நாளைக்கு வந்துரும்" என்றாள் பூரணி. மறுநாளும் அதையே சொன்னாள். அவள் வாழ்க்கையிலேயே முதன்முதலாகச் சொன்ன பொய் அதுவாகத்தான் இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பிள்ளை வரவில்லை. பேர் இல்லாத இடத்துக்கு ஏன் காடு தாண்டிப் போகிறாய் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இப்போது வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கிறாளாம்.

"வெள்ளவத்தையிலயா?" என்று கேட்டேன்.

பூரணி தலையை மட்டும் ஆட்டினாள். நோர்வூட் பஸ் வந்து நின்றது, சனம் ஏறியது, பஸ் போய்விட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அந்த நாலு நாளும் நான்தான்க்கா பேர் கூப்பிட்டேன். மொத பேரு கூப்பிடும்போதே அது நிமிந்து ஒக்காந்துக்கும். ஒவ்வொரு பேருக்கும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கும். கடைசிப் பேரையும் கூப்பிட்டு முடிச்சு இடாப்ப மூடினேன். மூடின பொறகும் அந்தப் புள்ள வாயத் தொறந்து வச்சிக்கிட்டு இருந்துச்சு, 'இருக்கேன் டீச்சர்'னு சொல்றதுக்கு."